தாகம் என்ற வார்த்தை

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு இளம் கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். 62 பக்கங்களில் 'தாகம்' என்ற வார்த்தை 14 இடங்களில் வருவதைப் பென்சிலால் கோடிட்டு எண்ணி வைத்துக்கொண்டு, நவீன கவிதையில் இது தேய்ந்துபோன நாணயம், இரண்டு பக்கமும் வழுக்கை, எந்தக் கவுண்டரிலும் செல்லாது என்று எழுதினேன். வங்கிக் குமாஸ்தா எழுதினால் உவமையும் அங்கிருந்துதான் வரும். தாகம் என்று எழுதுகிற எந்தக் கவிஞனும் உண்மையில் தண்ணீர் கேட்பதில்லை என்று அதில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு அப்போது பெருமை. நண்பர்கள் இரண்டு பேர் அதைச் சொல்லிக் காட்டிப் பாராட்டவும் செய்தார்கள். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது.

என் அப்பா 31 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தஞ்சாவூரிலிருந்து புறப்படும் எந்தத் தடத்தில் எந்த நிறுத்தத்தில் ஒதுங்க இடம் உண்டு என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இடம் இல்லாத தடங்களே அதிகம் என்பதால் டியூட்டி நாட்களில் தண்ணீரைத் தொடமாட்டார். காலையில் ஒரு டம்ளர் காப்பி, மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். சித்திரை வெயிலில், பஸ்ஸின் தகரக் கூரைக்குக் கீழே நின்று டிக்கெட் கிழித்த மனிதர் இப்படி வாழ்ந்தார் என்பதை நாங்கள் அவருடைய ஒரு குணமாகவே எடுத்துக்கொண்டோம். சிலர் கோபக்காரர்கள், சிலர் சிக்கனக்காரர்கள். அப்பா தண்ணீர் குடிக்காதவர்.

மூன்று வருஷங்களுக்கு முன், ரேஷன் கடையிலிருந்து மொபெட்டில் திரும்பும்போது நாய் குறுக்கே ஓடி விழுந்தார். பின்மண்டையில் அடி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஆரம்பித்தது. செம்பு செம்பாகத் தண்ணீர். பானைத் தண்ணீர் போதாது, ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான் வேண்டும், அதிலும் ஐஸ் கட்டி போட்டு. ராத்திரி ஏழெட்டு முறை எழுந்து கொல்லைக்குப் போவார், திரும்பி வந்து குடிப்பார், படுப்பார், மறுபடியும் எழுவார். அம்மா ஒரு நாள் பாட்டில் கணக்கு வைத்துப் பார்த்தாள். ஒன்பது லிட்டரைத் தாண்டியது.

எல்லோருக்கும் தெரிந்த வியாதி ஒன்று இருக்கிறதே, சர்க்கரை, அதுதான் என்று நினைத்தோம். ரத்தம் கொடுத்தோம். சர்க்கரை சரியாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, விழுந்த பயத்தில் சிலருக்கு இப்படி ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும், மனசுதான் காரணம், தண்ணீரைக் குறைத்தால் தானாக நின்றுவிடும் என்றார்கள். எனக்கு அது உடனே சரியாகப் பட்டது. இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இடம். டாக்டர் சொன்னதால் மட்டும் அல்ல, அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. 31 வருஷம் தண்ணீரை மறுத்துக்கொண்ட மனிதர், சாவைக் கிட்டத்தில் பார்த்தபின், மறுத்ததையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கேட்கிறார். எவ்வளவு நேர்த்தியான வாசிப்பு! அவர் கேட்பது தண்ணீர் அல்ல, வேறு ஏதோ. மதிப்புரையில் எழுதிய அதே வாக்கியம், கவிதையை விட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று முடிவு செய்தேன். ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாங்குக்குப் போனேன். அன்று இரவு அப்பா கொல்லையில் கால் கழுவும் தொட்டியில் குனிந்து வாயை வைத்துக் குடிப்பதை அம்மா பார்த்தாள். மறுநாள் இரவு நான் கொல்லைக் கதவைத் தாழிட்டு, தாழ்ப்பாளில் பூட்டும் போட்டேன். "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்று அவர் கேட்டதும், "போதும்ப்பா, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று நான் சொன்னதும் எத்தனை முறை என்று எண்ணவில்லை. 14 முறைக்கு மேல் இருக்கும்.

விடிந்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நாக்கு உலர்ந்து மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரிடமோ டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சோடியம் 158. இருக்க வேண்டியது 135க்கும் 145க்கும் நடுவே. அங்கிருந்த இளம் டாக்டர் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொன்னார். "ரத்தம் உப்பாக் கெடக்கு, சிறுநீர் பச்சைத் தண்ணியா இருக்கு. இது ரெண்டும் சேர்ந்து இருக்கக் கூடாதே சார்" என்றார். உடம்பு வறண்டு கிடக்கும்போது சிறுநீரகம் ஒரு சொட்டையும் எளிதில் விடாது. இங்கே விட்டுக்கொண்டிருந்தது. அப்படியென்றால் 'விடாதே' என்கிற உத்தரவு அதற்குப் போய்ச் சேரவில்லை. மெல்ல மெல்லத் தண்ணீர் ஏற்றினார்கள். அன்று மாலை மூக்கில் ஒரு மருந்தை ஸ்பிரே அடித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பையில் சேரும் சிறுநீர் மஞ்சளாகிக் குறைந்தது. அப்பா தூங்கினார். ஒன்பது நாட்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினார்.

அந்த உத்தரவின் பெயர் வாஸோப்ரெஸ்ஸின். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. பெப்டைட் என்று சொல்கிற வகையைச் சேர்ந்தது, அதாவது புரதத்தின் குட்டி வடிவம். மூளையின் அடியில், ஹைப்போதலாமஸ் என்கிற பாதாம் பருப்பளவு பகுதியில் தயாராகி, ஒரு காம்பு வழியாக இறங்கி, பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பாதியில் காத்திருந்து ரத்தத்தில் கலக்கிறது. நம் ரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே போதும், அது வெளியே வந்துவிடும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி தானாகவே திரும்பிவிடும். கடைசிக் குழாய்களுக்கு வந்து சேருகிற மிச்சத்தைத் திருப்பி எடுப்பதா விடுவதா என்பது மட்டும் இந்த ஒன்பது மணிகளின் கையில். அங்கே செல்களின் சுவரில் தண்ணீருக்கென்றே நுண்ணிய வாசல்கள் உண்டு (அந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகப் பீட்டர் ஆக்ருக்கு 2003ல் நோபல் பரிசு கிடைத்தது). வாஸோப்ரெஸ்ஸின் வந்து சொன்னால் வாசல்கள் சுவருக்கு வந்து பொருந்துகின்றன, தண்ணீர் உடம்புக்குள் திரும்புகிறது. அது வராவிட்டால் மதகு திறந்த வாய்க்கால்தான். அப்பாவின் தலையில் பட்ட அடி அந்தக் காம்பைப் பிய்த்துவிட்டது. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், பிட்யூட்டரியின் பின்பக்கத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய ஒரு புள்ளி இல்லை. டாக்டர் விரலை வைத்துக் காட்டினார். இல்லாத ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் நான் தலையாட்டினேன்.

நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன். விஞ்ஞானம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் அடுத்த சில மாதங்கள், கவுண்டரில் கூட்டமில்லாத நேரங்களிலும் ராத்திரிகளிலும் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குற்ற உணர்ச்சிக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது வியாதியின் பெயர். டயாபெடிஸ் இன்சிபிடஸ். டயாபெடிஸ் என்பது கிரேக்க வார்த்தை. வழியாக ஓடிப்போவது என்கிற அர்த்தம். 17ம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்கிற ஆங்கில மருத்துவர் இப்படிப்பட்டவர்களின் சிறுநீர் தேன் போல இனிப்பதாக எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் இனிப்பில்லாத வகையைப் பிரித்து அதற்கு இன்சிபிடஸ் என்று அடைமொழி சேர்ந்தது. சுவையற்றது, சப்பென்றிருப்பது. நாக்கில் வைத்துப் பார்த்துச் செய்த பாகுபாடு இது. சப்பென்றிருக்கிறது என்று நான் எத்தனை தொகுப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறேன்! விமர்சனமும் வைத்தியமும் ஒரே உறுப்பை நம்பித் தொழில் செய்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. நம் பழைய ஆயுர்வேதத்தில் இருபது வகை மேகங்களில் ஒன்றாக உதகமேகம் என்று ஒரு பெயர் உண்டு. தண்ணீரைப் போலவே சிறுநீர் போகிற நோய். அந்தப் பெயர் சுவையைப் பற்றி எதுவும் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. எனக்கு அதன் மேல் மதிப்பு.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009ல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் 22 வயது இளைஞன் ஒருவன் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காகப் படுத்திருந்தான். அவனுக்கு இந்த வியாதி இருந்தது. அவனுக்குரிய மருந்து கொடுக்கப்படவில்லை. தாகம் தாங்காமல் அவன் கட்டிலிலிருந்தே போலீசுக்குப் போன் செய்து தண்ணீர் கேட்டான். ஆஸ்பத்திரியில், சுற்றிலும் நர்சுகளும் குழாய்களும் இருக்கிற இடத்தில், போலீசுக்கு. மறுநாள் இறந்துபோனான். உலகம் முழுக்க இந்த நோயாளிகளைச் சர்க்கரை நோயாளிகள் என்று எண்ணிக்கொண்டு சர்க்கரையைச் சோதித்துவிட்டுத் தண்ணீரை மறப்பது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. 1,034 நோயாளிகளிடம் விசாரித்த ஒரு ஆய்வில், நூற்றுக்கு எண்பது பேர் மருத்துவத் துறையினரே இரண்டையும் குழப்பிக்கொண்டதாகச் சொன்னார்கள். 2022ல் பல நாட்டு மருத்துவர்கள் கூடிப் பெயரை மாற்றினார்கள். இப்போது அது வாஸோப்ரெஸ்ஸின் குறைபாடு. கவித்துவம் போய்விட்டது. போனால் போகட்டும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரும் ஃப்ரிட்ஜைப் பூட்டமாட்டார்கள்.

இந்தத் துறையில் பெயர்களின் கதையே தனி. வாஸோப்ரெஸ்ஸின் என்ற பெயருக்கு ரத்தக் குழாயை இறுக்குவது என்று அர்த்தம். 1895ல் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றியபோது ரத்த அழுத்தம் ஏறியதைத்தான் முதலில் பார்த்தார்கள். சிறுநீரைக் குறைக்கிறது என்பது 1913ல்தான் தெரிந்தது. ஆனாலும் பெயரில் ஏறியது அழுத்தம்தான். பசி விஷயத்தில் இதைவிட வேடிக்கை. 1998ல் இரண்டு குழுக்கள் ஒரே பெப்டைட் ஜோடியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஒரு குழு அதை எலி மூளையில் செலுத்தியபோது எலி சாப்பிட்டது. பசி என்கிற கிரேக்கச் சொல்லை வைத்து ஒரெக்ஸின் என்று பெயரிட்டது. இன்னொரு குழு ஹைப்போகிரெடின் என்றது. ஒன்றிரண்டு வருஷத்தில் தெரிந்தது, அந்தப் பெப்டைட் இல்லாமல் போனவர்கள் பசியற்றுப் போகவில்லை. நின்ற இடத்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கத்தில் விழுந்தார்கள். நார்கொலெப்ஸி என்கிற அந்த நோயில், மனித மூளையில் இருக்கும் சில பதினாயிரம் ஒரெக்ஸின் செல்களில் பெரும்பாலானவை அழிந்துபோயிருக்கின்றன. பசி என்று பெயர் வைத்தது விழிப்பாக இருந்தது. இப்போது தூக்கம் வராதவர்களுக்கு அதைத் தடுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள், முதல் மாத்திரைக்கு 2014ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெயர் மட்டும் பசியாகவே இருக்கிறது.

பசித்த மிருகம் தூங்காது, தேடி அலையும் என்பதை நினைத்தால் அந்தப் பெயர் முழுக்கத் தவறும் அல்ல. இதை ஒரு விமர்சகன் சொன்னால் சமாளிப்பு என்பார்கள். ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள்.

அப்பா ஏன் ஐஸ் தண்ணீர் கேட்டார் என்பதற்கும் பதில் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பெங்ட் ஆண்டர்சன் என்பவர் ஆடுகளின் ஹைப்போதலாமஸில் துளித்துளியாக உப்புக் கரைசலைச் செலுத்தினார். வயிறு நிறையத் தண்ணீர் இருந்த ஆடுகள் ஒரு நிமிஷத்துக்குள் ஓடிப்போய்க் குடிக்கத் தொடங்கின. அந்த ஆடுகளுக்கு மனசில் ஏதும் குறை இருந்திருக்க முடியாது. தாகத்துக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது நிச்சயமாயிற்று. ஆனால் தாகம் தணிவது அதைவிட விநோதமான காரியம். குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலந்து செறிவைக் குறைக்கப் பத்து நிமிஷத்துக்கு மேலாகும். நமக்கோ இரண்டு மடக்கில் தாகம் அடங்குகிறது. 2016ல் கலிஃபோர்னியாவில் எலிகளின் தாக நரம்புகளை நேரடியாகக் கவனித்தவர்கள், நாக்கில் தண்ணீர் பட்ட ஒரு நிமிஷத்துக்குள் அவை அடங்கிவிடுவதைக் கண்டார்கள். வரப்போகும் தண்ணீரை மூளை முன்கூட்டியே வரவு வைத்துக்கொள்கிறது. செக்கைக் கையில் வாங்கியதுமே கணக்கில் ஏற்றுகிற மாதிரி. எங்கள் பாங்கில் இதைச் செய்தால் மெமோ கிடைக்கும். வாய் குளிர்ந்தால் அந்த வரவு இன்னும் கூடுகிறது. உலோகத்தின் குளிர்ச்சி பட்டால்கூட அந்த நரம்புகள் சற்று அடங்குகின்றன. ஐஸ் கட்டி கேட்டது செல்லம் கொஞ்சல் என்று நான் நினைத்திருந்தேன்.

பசியிலும் இந்த முன்வரவு உண்டு. ஹைப்போதலாமஸில் ஒரு சிறு கூட்டம் நரம்புகள் இருக்கின்றன, 36 அமினோ அமிலங்கள் கொண்ட நியூரோபெப்டைட் ஒய் என்கிற பொருளையும் இன்னொரு பெப்டைடையும் வெளியிடுபவை. அவற்றைத் தூண்டினால் வயிறு நிறைந்த எலியும் தின்னும். 2015ல் பார்த்தார்கள்: பட்டினி கிடந்த எலிக்கு எதிரே சாப்பாட்டை வைத்தவுடன், அது வாய் வைப்பதற்கு முன்பே, அந்த நரம்புகள் அமைதியாகிவிட்டன. பார்வையிலேயே. ஒளித்து வைத்த சாப்பாட்டுக்கும் எட்டாத சாப்பாட்டுக்கும் அவ்வளவு அடங்கவில்லை. ஹோட்டல் கண்ணாடிக்கு வெளியே நிற்பவனைப் பற்றி நம்மிடம் எவ்வளவு கதைகள் இருக்கின்றன. அவன் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய எலி தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் கிளையில் ஒரு கேஷியர், எடையைக் குறைக்க வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார். குடலிலும் மூளைத்தண்டிலும் உண்டாகும் ஒரு பெப்டைடின் நகல் அது. இயற்கையில் இரண்டு நிமிஷம் தாங்குவதை ஒரு வாரம் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். "சார், முன்னெல்லாம் பத்தரை மணிக்கே மத்தியானச் சாப்பாடு ஞாபகம் வந்துடும். இப்போ டிபன் பாக்ஸ் இருக்கறதே மறந்துபோவுது" என்றார். முப்பது வருஷமாக அவரைத் தின்னிப்பண்டாரம் என்று கேலி செய்தவர்கள் அவர் வீட்டிலேயே உண்டு. அந்த நாக்கடக்கம், மனக்கட்டுப்பாடு என்ற வார்த்தைகளெல்லாம் இப்போது எங்கே போய் நிற்கும்?

எலிகளில் ஒரு வம்சம் உண்டு, பிராட்டில்பரோ என்று பெயர். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் பிராட்டில்பரோ என்ற ஊரில் 1961ல் கண்டெடுக்கப்பட்டவை. (கிப்ளிங் இந்தியாவைப் பற்றிய தன் ஜங்கிள் புக்கை அந்த ஊர்ப் பக்கத்தில்தான் பனியில் உட்கார்ந்து எழுதினார். வறட்சியில் எல்லா மிருகங்களும் பகையை விட்டு ஒரே ஆற்றில் குடிக்கிற கதை அதன் இரண்டாம் பாகத்தில் வருகிறது. பி.ஏ. படித்ததற்கு இப்படி ஏதாவது நினைவு வந்து தொலைக்கும்.) இந்த எலிகள் பிறப்பிலேயே அப்பாவின் நிலையில் இருப்பவை. நாளொன்றுக்குத் தன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஏன் என்பது 1984ல் தெரிந்தது. அவற்றின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விழுந்துவிட்டிருக்கிறது. ஜி என்று குறிக்கப்படும் எழுத்து. மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. ஒன்று விழுந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இடம் மாறி உளறலாகிவிடும். என்னை உலுக்கியது இதுதான்: வாஸோப்ரெஸ்ஸினின் ஒன்பது மணிகளும் அந்த எலிகளில் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்து விழுந்தது பின்னால், அதைச் சுமந்து செல்லும் புரதத்தின் பகுதியில். செய்தி சரி. சுமப்பவன் உருக்குலைந்துபோனதால் செய்தி செல்லை விட்டு வெளியே வரவே இல்லை.

பத்து வருஷமாகச் சிறுபத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்துகிறவன் நான். ஒரு எழுத்து விழுந்த கவிதைகளைப் பார்த்திருக்கிறேன், விழுந்தபின் மேம்பட்ட கவிதைகளையும் பார்த்திருக்கிறேன். இது அந்த ரகம் அல்ல. 1997ல் கேம்பிரிட்ஜில் இரண்டு குழந்தைகளை ஆராய்ந்தார்கள். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்பது போல ஒரே குடும்பத்துக் குழந்தைகள், தீராத பசி, எல்லை மீறிய எடை. கொழுப்பிலிருந்து மூளைக்குப் போய் 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்ற புரதம் அவர்களிடம் இல்லை. அங்கேயும் விழுந்திருந்தது ஒரு ஜி. லெப்டினை ஊசியாகக் கொடுத்ததும் பசி அடங்கியது. அந்த வீட்டில் அதற்கு முன் சாப்பாட்டு அலமாரியைப் பூட்டியிருப்பார்களா என்று நினைத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தால் அந்தக் கை எனக்குத் தெரிந்த கைதான்.

ராத்திரி விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. நம் எல்லோருக்கும் இரவில் வாஸோப்ரெஸ்ஸின் கூடுகிறது. அதனால்தான் ஏழெட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் தூங்க முடிகிறது. இந்த நேரக் கணக்கை வைத்திருப்பது கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு முடிச்சு. எலியில் அதற்குச் சுமார் 20,000 நரம்புச் செல்கள்தான். ஒவ்வொரு செல்லும் தனிக் கடிகாரம். அவற்றை ஒன்றோடொன்று ஒத்து ஓடவைப்பது இன்னொரு பெப்டைட். பன்றியின் குடலில் முதலில் அகப்பட்டதால் இன்றைக்கும் அதன் பெயரில் குடல் இருக்கிறது. மூளையின் கடிகாரத்துக்குக் குடல் பெயர்! அந்த முடிச்சின் இன்னொரு பகுதிச் செல்கள் வெளியிடுவதும் வாஸோப்ரெஸ்ஸின்தான். அதே ஒன்பது மணிகள், இங்கே சிறுநீரகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல். எலிகள் தூங்கப்போவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில், தேவை இல்லாமலே அதிகம் தண்ணீர் குடிக்கும். தூக்கத்தில் வறண்டுவிடாமலிருக்க ஒரு சேமிப்பு. 2016ல் மான்ட்ரியலில் கண்டார்கள், அந்த நேரத்தில் கடிகார முடிச்சிலிருந்து வாஸோப்ரெஸ்ஸின் பக்கத்திலிருக்கும் தாக நரம்புகளுக்குப் போய்ச் சேர்ந்து, இல்லாத தாகத்தை எழுப்புகிறது. குடிக்கவிடாமல் தடுத்த எலிகள் தூங்கி எழும்போது வறண்டிருந்தன. ரத்தத்தில் கலந்தால் தண்ணீரைப் பிடித்துவை என்று சொல்கிற அதே பொருள், மூளைக்குள் சொட்டினால் இரவு வருகிறது, குடித்துக்கொள் என்று சொல்கிறது.

படுக்கப் போகுமுன் செம்புத் தண்ணீரைத் தலைமாட்டில் வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து உண்டு. அந்த இரண்டு ராத்திரியும் நான் அதை எடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னபோது ஒரு நண்பர், அப்படியானால் எல்லாமே ரசாயனம்தான், காதல், பக்தி, உன் விமர்சனம் எல்லாம் பெப்டைட்தான் என்று கிளம்பிவிட்டார். இந்த உற்சாகம் எனக்குப் புரிவதில்லை. ஒரே சங்கிலி இடத்துக்கு இடம் வேறு வேறு காரியம் செய்கிறது, இரண்டே இரண்டு மணி மாறினால் வாஸோப்ரெஸ்ஸின் பிரசவத்துக்கு உதவும் ஆக்ஸிடோஸினாகிவிடுகிறது என்றெல்லாம் படித்த பிறகு, 'எல்லாம் இதுதான்' என்று எப்படிச் சொல்வது? சொல்லுக்கு இடத்தால் அர்த்தம் மாறுவதைப் போல, என்று எழுத என் கை போகிறது. போகவிடப்போவதில்லை. மறுபடியும் தண்ணீரை வேறு ஏதோவாக வாசிக்கிற வேலை அது. வின்சென்ட் டு விக்னோ 1954ல் வாஸோப்ரெஸ்ஸினைச் செயற்கையாகக் கட்டினார், அடுத்த வருஷம் நோபல் பரிசு. 1960களில் ப்ராக் நகரத்தில் அதன் முதல் மணியைச் சற்று நறுக்கி, எட்டாவது மணியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைத்து, சில நிமிஷங்களில் கரைவதை அரை நாள் தாங்க வைத்தார்கள். அதுதான் அப்பாவின் ஸ்பிரே. இதில் நான் உவமை தேடுவதற்கு ஒன்றுமில்லை. அவர் தூங்குகிறார்.

அந்த இளம் கவிஞரின் தொகுப்பை மறுபடியும் எடுத்துப் படித்தேன். நேர்மையாகச் சொன்னால் கவிதைகள் இப்போதும் சுமார்தான். 14 தாகங்களில் 13 எதையாவது சுட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் ஒன்றில், குழாயடியில் வரிசையில் நிற்கிற ஒரு பெண், தன் முறை வருவதற்கு முன் குடத்தைச் சாய்த்து, பழைய தண்ணீரின் மிச்சத்தைக் குடிக்கிறாள். அதில் அவர் கேட்டது தண்ணீர்தான். நான் அதையும் பென்சிலால் எண்ணிவிட்டேன். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

அப்பா அந்த ராத்திரிகளைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டாவது ராத்திரி அவருக்கு நினைவிருக்கிறதா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. ஒரே ஒரு முறை, டி.வி.யில் ஏதோ பஸ் காட்டியபோது, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வண்டில யாராவது தண்ணி வேணும்னு கேட்டா டைம் பாக்காம நிறுத்தச் சொல்லிடுவேன். நமக்குத்தான் குடிக்க முடியாது."

மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. அளவு கூடினால் தண்ணீர் உடம்பிலேயே தேங்கி, சோடியம் இறங்கி, அதுவும் உயிருக்கு ஆபத்து. ஸ்பிரே அடித்திருக்கும்போது பழைய ஞாபகத்தில் நிறையக் குடித்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு வேளையும் பழைய மருந்தின் பிடி விட்டபின்தான் அடுத்ததை அடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிடி விடுகிறதா என்பதை அப்பாதான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது. சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு அவர் டி.வி.யை விட்டு எழுந்திருப்பார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை அம்மா ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டாள். இப்போது கதவைச் சாத்த ஒரு கயிறு மட்டும் இருக்கிறது. போய்விட்டுத் திரும்பி வந்து, நின்றபடியே செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். பிறகு, "வந்துடுச்சு தம்பி" என்பார். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து, தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்பிரேயை எடுத்துக் கொடுப்பேன்.